ககனன் வெங்காயம் உரித்த நாலாம் பாகம்

ஜூலை 17, வியாழன் (ஆடி 1)

அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. கல்யாணமாகி முதல் ஆடி. பெண்ணைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆவணி ஒன்றாம் தேதி மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவார். நடுவில் ஆடிப்பெருக்கு அன்று மட்டும் வரலாம். வந்த சூட்டோடு திரும்பிவிட வேண்டும். இதெல்லாம் யார் போட்ட சட்டமோ, எனக்கு இந்த வருஷம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

சாயங்காலம் வாசலில் தேங்காய் சுட்டோம். எங்கள் பரமத்தி வேலூரில் ஆடி ஒன்றுக்குத் தேங்காய் சுடாத வீடு கிடையாது. தேங்காயில் ஓட்டை போட்டு, அரிசியும் வெல்லமும் எள்ளும் திணித்து, குச்சியில் செருகி நெருப்பில் வாட்ட வேண்டும். மாப்பிள்ளைக்கும் ஒரு குச்சி கொடுத்தார்கள். அவர் நெருப்புக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட, தேங்காய் படாரென்று வெடித்து, வேட்டியெல்லாம் வெல்லப்பாகு. தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் பெயர் நவநீதன். கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை. நல்லவர்தான். ஏழு மணிக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வாரேன் தாரணி, உடம்பப் பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான். ககனனாக இருந்தால் தெருமுனை தாண்டுவதற்குள் திரும்பிப் பார்த்திருப்பான்.

ஜூலை 18, வெள்ளி

மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி விடிகாலையிலேயே ஆரம்பித்துவிட்டது. காதுக்குள் உட்கார்ந்து பாடுகிறது. புரண்டு புரண்டு படுத்துவிட்டு எழுந்து துணி துவைத்தேன்.

நாளை ககனன் கதை, 'ஏழாம் வான வாசல்' நாலாம் பாகம் வெளியாகிறது. முன்பதிவு செய்தபோது புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, கணபதி வீட்டு முகவரியைக் கொடுத்துத் தொலைத்துவிட்டேன். மின்நூலும் வருகிறது என்று ஜெசிந்தா சொன்னாள். ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. எங்கள் வாசகிகள் குழுவின் தலைவி. நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் என் ரத்த வகை வரை அவளுக்குத் தெரியும்.

ஜூலை 19, சனி

மின்நூல் வாங்கிவிட்டேன். அம்மா சோறு போட மூன்று தடவை கூப்பிட்டு, நாலாவது தடவை கரண்டியோடு வந்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

படித்து முடித்தேன். வயிறு எரிகிறது.

கதை தெரியாதவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை என்றாலும், கோபத்தை முழுசாகக் கொட்ட வேண்டுமென்றால் ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். ககனன் ஒரு கந்தர்வ இளவரசன். மதுமொழி மண்ணுலகத்துப் பெண். மூன்று பாகமாக அவள் மனசில் நினைப்பதெல்லாம் அவனுக்குக் கேட்கும். தாகம் என்று நினைத்தால் சுனை வரும். பயம் என்று நினைத்தால் வாள் வரும். இரண்டாம் பாகத்தில் அவள் ஒரு வார்த்தை பேசாமல் நிற்க, "உன் மௌனத்தின் ஒவ்வொரு எழுத்தும் எனக்குப் பாடம்" என்பான். அந்த வரியை நான் செல்போன் முகப்பிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் பாகம் முடிவில் கல்யாணம்.

நாலாம் பாகத்தில் அந்த அம்மாள், அதாவது எழுத்தாளர் மின்மினி ராகவி, என்ன செய்திருக்கிறார்? மதுமொழி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அவளைத் தேடி வான வாசலைத் தாண்டி ககனன் வருகிறான். தாண்டியதற்கு விலையாக மனசைக் கேட்கும் சக்தி போய்விடுகிறது. அப்புறம் புத்தகம் முழுக்க மக்கு மாதிரி கிணற்றடியில் நின்று, "உனக்கு என்ன வேண்டும் மது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். மாமியார் சமையலறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கிறான்! கந்தர்வன்! கண்ணில் தண்ணீர் வர, இது என்ன நோய் என்று பயந்துபோகிறான்.

கடைசிப் பக்கத்தில் மதுமொழி வாய் திறக்கிறாள். அத்தோடு முற்றும். அவள் என்ன சொன்னாள் என்பதற்கு ஐந்தாம் பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டுமாம்.

ஒரு நட்சத்திரம் போட்டேன். "கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கந்தர்வன் எதற்கு? அதற்கு எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது" என்று விமர்சனம் எழுதினேன். இருநூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் சந்தோஷமாக இல்லை.

அவர் போன் செய்தார். தினமும் செய்வார். சாப்பிட்டியா, என்ன கொழம்பு, அத்தை மாமா சௌக்கியமா. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். இன்று கூடுதலாக ஒன்று. "உனக்கு ஒரு பார்சல் வந்திருக்குது. பிரிக்கட்டுமா?"

"வேண்டாங்க, அப்படியே வைங்க" என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 23, புதன்

வேறொன்று இருக்கிறது.

நேற்று கிரேஸ் மேடம் பேசினார். நாமக்கல் ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்-ரே எடுக்கும் வேலையில் இருந்தபோது அவர்தான் எனக்கு மூத்தவர். கோயம்புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஆள் எடுக்கிறார்கள், ஆகஸ்ட் 5 நேர்காணல், உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன், வருவாயா மாட்டாயா என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரையும் கேட்கவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று அப்பாதான் சொன்னார், "கல்யாணத்துக்கப்பறம் வேலைக்கெல்லாம் போகாதுங்க, வீட்டோட இருந்துக்கும்." அவர்கள் கேட்கக்கூட இல்லை. தானாகவே எடுத்துக் கொடுத்தார். நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நேராக மாப்பிள்ளையைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். அவர் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணபதி வீட்டில் ஒவ்வொரு நாளும், அவரும் அவர் அம்மாவும் நானும் உட்கார்ந்து சீரியல் பார்க்கும்போது, ஆஸ்பத்திரி காட்சி வந்தால் நான் எழுந்து போய்விடுவேன். அதிலாவது தெரிந்திருக்க வேண்டும். சொல்லி வாங்கிக்கொண்டால் அதற்கு என்ன மதிப்பு?

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் ஊற்றினார்கள். வரிசையில் நின்று வாங்கி வந்தேன். பாதி கூழ் புடவையில்.

போனில் அவர், "ஏந்தாரணி, இந்த மதுமொழிங்கறது யாரு?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பார்சலைப் பிரிச்சிட்டீங்களா?"

"அட்டைப்பெட்டி மழையில நனஞ்சிருச்சு. உள்ள நனஞ்சிருக்குமோன்னு எடுத்துப் பார்த்தேன். ரெண்டு பக்கம் படிச்சேன்."

"அது நாலாம் பாகங்க! முதல் மூணு படிக்காம ஒண்ணும் புரியாது."

"ஆமா, புரியல. இந்த ஆளுக்கு எதுக்கு முதுகுல எறக்கை?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "எடுத்து வைங்க, என்ற புஸ்தகம் அது" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

எதிலும் மனசு ஒட்டவில்லை. மொட்டை மாடிக்குப் போகிறேன், இறங்குகிறேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது. "காலுல சக்கரமா கட்டியிருக்கற? ஒரு எடத்துல உக்காருடி" என்று அம்மா கத்தினாள்.

புத்தகம் வாங்கும் செயலியில் என் முகவரியை வேலூருக்கு மாற்றிவிட்டேன். இனிமேல் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத்தான். ஆவணிக்கு அப்புறம் எங்கே இருப்பேன் என்று யார் கண்டது? அதாவது, கணபதியில்தான் இருப்பேன். சும்மா மாற்றினேன்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை மறுபடி படித்தேன். வெங்காயம் உரிக்கும் இடம். அதில் ஒரு வரி முதலில் கண்ணில் படவில்லை. உரித்த வெங்காயத்தை அவன் ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கிவைக்கிறான். சரியாகச் செய்தோமா என்று யாரிடம் கேட்பதென்று தெரியாமல். கடுப்பான அத்தியாயம். நாலு தடவை படித்துவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

"தாரணி, அந்தக் கடைக்குப் போன் பண்ணிட்டேன்" என்றார்.

"எந்தக் கடை?"

"புஸ்தகம் அனுப்புனவங்க. கடைசிப் பக்கத்தக் காணோம். அவ வாயத் தெறக்கறா, அதோட நின்னுருச்சு. பைண்டிங்ல உட்டுட்டாங்க போல. வேற பிரதி அனுப்புங்கன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்குது. அவ்வளவுதாங்க சார் கதைங்குது. என்ன அநியாயம்?"

அம்மாவுக்குக் கேட்காமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முழுப் புத்தகமும் படித்திருக்கிறார். பம்பு பில்லைத் தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

"பிடிச்சுதுங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தெரியல. அந்த ஆளப் பார்த்தா பாவமா இருந்துச்சு" என்றார்.

சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவனுக்கென்ன பாவம்? அவதான் பாவம்" என்று வைத்துவிட்டேன். நான் ஏன் இவ்வளவு கோபப்பட்டேன்?

ஜூலை 31, வியாழன்

ஜெசிந்தாவிடம் சொன்னேன். "ஏட்டி, உங்க வீட்டுக்காரரு நாலாம் பாகத்துல ஆரம்பிச்சாரா? குழுவுல போட்டா கொன்னுருவாளுவ!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், "சரி, வேலை விஷயம் என்னாச்சு? அஞ்சாம் தேதின்னா அடுத்த வாரம்லா?" என்றாள்.

"அவருக்காத் தெரியட்டும்" என்றேன்.

"யாரு சொல்லுவா? கிளி வந்து சொல்லுமா?"

அவளுக்கென்ன, தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு பேசுவாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கிரேஸ் மேடம் மறுபடி கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு பெயரைக் கொடுத்துவிடுவாராம். இது போனால் இன்னொன்று வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வராது. வந்தாலும் இதே மாதிரி நின்றுகொண்டுதான் இருப்பேன்.

ஆகஸ்ட் 2, சனி

நாளை ஆடிப்பெருக்கு. மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, காப்பரிசி எல்லாம் வாங்கியாயிற்று. கல்யாண மாலைகளை நாளை ஆற்றில் விட வேண்டும். மாலை கணபதி வீட்டில் ஆணியில் தொங்குகிறது. மாப்பிள்ளை மறக்காமல் எடுத்துவர வேண்டுமே என்று அம்மா நாலு தடவை போன் செய்யச் சொன்னாள். செய்யவில்லை. மறந்தால் மறக்கட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு (ஆடி 18)

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலையில் வந்துவிட்டார். மாலைகளை மறக்கவில்லை. என் புத்தகம் வந்த அட்டைப்பெட்டியில் இரண்டையும் மடித்துக் கொண்டுவந்திருந்தார். பெட்டியின் மேல் என் பெயரும் கணபதி முகவரியும் மழையில் கலங்கிப்போய்த் தெரிந்தன.

காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். படித்துறையில் கால் வைக்க இடமில்லை, அத்தனை கூட்டம். அம்மா எனக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றினாள். பிறகு அப்பாவும் அம்மாவும் இரண்டு படி மேலே நின்று விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அவரும் தண்ணீரை ஒட்டி உட்கார்ந்து மாலையைப் பிரித்தோம். பூவெல்லாம் காய்ந்து, தொட்டால் பொடிந்தது.

"தாரணி, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"ம்."

"அவ என்ன சொல்லியிருப்பா?"

"எவ?"

"அதான், மதுமொழி. கடையில பம்பைக் கழட்டி வெச்சுட்டு அதையேதான் யோசிச்சுட்டிருக்கறேன். அந்த ஆளுக்கு நெசமாலுமே தெரியல தாரணி. நடிக்கல. ஒரு பம்புன்னா ஓடற சத்தத்த வெச்சே கோளாறு எங்கன்னு சொல்லிப்போடுவேன். நீ சத்தமே போட மாட்டேங்கற."

"நான் என்ன பம்பாங்க?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் 'அவ' என்று ஆரம்பித்து 'நீ' என்று முடித்ததை நான் கவனித்தேன். அவர் கவனித்தாரா, தெரியாது.

எக்ஸ்-ரே அறையில் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று. நான் இழுத்துப் பிடித்தேன்.

"எனக்கு வேலைக்குப் போகணும்" என்றேன். "வீட்டோட இருந்துக்கும்னு அப்பா சொன்னது அவராச் சொன்னது. என்ன யாருமே கேக்கல. நீங்களும் ஒரு வார்த்தை கேக்கல. முறுக்கப் பார்த்துட்டு உக்காந்திருந்தீங்க. வர்ற செவ்வாக்கெழம கோயமுத்தூர்ல இன்டர்வியூ. நான் போகணும். போகலைன்னா, ஆவணிக்கு நான் உங்ககூட வர்றது சந்தேகந்தான்."

கடைசி வாக்கியத்தை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அது தானாக வந்து விழுந்தது. விழுந்த பிறகுதான் எத்தனை நாளாக உள்ளே கிடந்தது என்று தெரிந்தது. பக்கத்தில் காப்பரிசி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த யாரோ ஒரு அம்மாள் கும்பிடுவதை நிறுத்திவிட்டாள். "கண்ணு, என்ன பேசற? நாலு பேரு பாக்கறாங்க!" என்று அப்பா மேலிருந்து பதறினார்.

இவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்கல" என்றார். "மாமா சொன்னதும் சரின்னு உட்டுட்டேன். அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கும்னு எனக்கும் அது சௌரியமாத்தான் இருந்துச்சு."

அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெரியாது, புரியவில்லை என்று ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சௌரியமாக இருந்ததாம். அறையலாம் போல இருந்தது. அதே சமயம், கல்யாணமாகி இன்றுதான் இவர் என்னிடம் ஒரு உண்மையைப் பேசியிருக்கிறார் என்றும் பட்டது.

மாலையிலிருந்து உதிர்ந்த பூவைத் தண்ணீரில் தட்டிவிட்டு, "நைட் ஷிப்ட் உண்டா?" என்றார்.

"மூணு வாரத்துல ஒரு வாரம்."

"காலைல எத்தன மணிக்கு உடுவாங்க?"

"ஏழு."

"ஏழரைக்கு நான் கடை தெறக்கணும். உன்னைய வூட்ல எறக்கி உட்டுட்டுப் போனாச் செரியா இருக்கும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதான்."

"வாயத் தெறந்தா?"

"வாயத் தெறந்துதான்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. தேங்காய் வெடித்தபோதுகூட அப்படிப் போகவில்லை. மாலைகளைத் தண்ணீரில் விட்டோம். என்னுடையது போய்விட்டது. அவருடையது படியிலேயே சுற்றிச் சுற்றி நின்றது. குனிந்து கையால் தள்ளிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கிரேஸ் மேடத்துக்குச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வீட்டில் பெரிய ரகளை. ஆடியில் புதுப்பெண் புருஷன் ஊர் எல்லையை மிதிக்கலாமா? ஊர் என்ன பேசும்? அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே இட்லி ஊற்றினாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். போகலாம், ஆனால் கணபதி வீட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது, சாயங்காலத்துக்குள் வேலூர் திரும்ப வேண்டும்.

அப்பா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. இருட்டும் நேரத்தில் வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு, "கரூர் வண்டி அஞ்சே முக்காலுக்கு. நானும் வாரேன்" என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்ததும் பேப்பர் வாங்கப் போய்விட்டார். ஆடியில் மாப்பிள்ளையும் பெண்ணும் பேசுவதை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நேர்காணல் நன்றாகத்தான் போனது. ஒரு படத்தைக் கொடுத்து, இதில் என்ன தப்பு என்று கேட்டார்கள். நோயாளி மூச்சை விட்டுவிட்டார், மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

வெளியே வந்தால் பேக்கரி வாசலில் இரண்டு டீயோடு நிற்கிறார். "அம்மாகிட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. ஞாயித்துக்கெழம ராத்திரியிலிருந்து என்கிட்டப் பேசறதில்ல. நேத்து தோசை நானே சுட்டேன்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆவணியில் அந்த வீட்டுக்குள் போகும்போது அந்த மௌனமும் அங்கே இருக்கும். அவர் அட்டை போட்ட புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "உன்ற புஸ்தகம். முதல் பாகம் எங்க வெச்சிருக்கற? அந்தக் காலத்துல அவனுக்கு எல்லாமே தெரியுமாமே, பாக்கறேன்."

"பீரோவுல, மேல் தட்டுல" என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

வேலை கிடைத்துவிட்டது. பதினெட்டாம் தேதி சேர வேண்டும். ஆவணி இரண்டு. மாமியார் இன்னும் பேசவில்லை. ஆனால் தோசை சுடும் பொறுப்பை நேற்று திரும்ப எடுத்துக்கொண்டாராம். மகன் சுட்டது தாங்க முடியவில்லை போலும்.

அவர் போன் செய்தார். முதல் பாகம் பாதி வந்திருக்கிறார். "தாரணி, இந்த ஆளு எனக்குக் கொஞ்சம் பயமா இருக்குது. அந்தப் பொண்ணு மனசுல நெனைக்கறதையெல்லாம் கேக்காமக் கொள்ளாம ஒட்டுக் கேக்கறான். எறக்கையோட வந்து ஜன்னல்ல வேற நிக்கறான். நம்ம தெருவுல நின்னா சும்மா உடுவாங்களா?"

எனக்கு வந்ததே கோபம்! ககனனை ஒட்டுக் கேட்பவன் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். அவன் வம்சம், சாபம், அவன் பட்ட கஷ்டம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவர் விடவில்லை. வெங்காயம் உரிக்கிற ககனன்தான் மனுஷன் என்கிறார். அவன் மனுஷனே இல்லை, கந்தர்வன் என்று நான் கத்த, அம்மா எட்டிப் பார்த்தாள். சண்டை முடிந்து பார்த்தால் காதும் போனும் சுடுகிறது. சாப்பிட்டாயா என்று கேட்க மறந்துவிட்டார்.

நாலாம் பாகம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஒரு நட்சத்திரத்தை மூன்றாக்கினேன், அவ்வளவுதான். ஜெசிந்தா என்னைத் துரோகி என்கிறாள்.

ஐந்தாம் பாகத்துக்கு முன்பதிவு இன்று காலை திறந்தார்கள். இரண்டு பிரதி போட்டேன். ஒன்றை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகாது. எங்கே அனுப்ப வேண்டும் என்று செயலி கேட்டது. வேலூரை அழித்துவிட்டு, கணபதி வீட்டு முகவரியை அடித்தேன்.